விண்டோஸிலிருந்து மேக்புக்குக்கு: பாட்டுச் சேமிப்பை மாற்றி இரண்டு வருஷத்துக்குப் பிறகு

புது லேப்டாப் வாங்கிய முதல் வாரத்திலேயே அனுபவம் எழுதுபவர்கள் நிறைய. பாட்டுச் சேமிப்பு விஷயத்தில் முதல் வாரம் எதுவும் தெரியாது, எல்லாம் வந்து சேர்ந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். பல மாதம் கழித்து யாராவது ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டு, நாம் தேடப் போகும்போதுதான் எது வந்தது, எது வழியில் உதிர்ந்தது என்று புரியும். பழைய விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து எம்1 மேக்புக் ஏருக்கு மாறி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம்.

என் சேமிப்பு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிரமமெல்லாம் அதைப் பொறுத்ததுதான். அப்பா திருச்சி வானொலியிலிருந்தும் மதுரை வானொலியிலிருந்தும் கேசட்டில் பிடித்து வைத்த கச்சேரிகள் ஒரு பக்கம். மதுரை மணி அய்யர், மதுரை சோமு, எம்.எஸ். சுப்புலட்சுமி, சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் என்று மதுரைக்காரர்களே அதில் பாதியை நிரப்பிவிடுவார்கள். சிடியிலிருந்து எடுத்த சினிமாப் பாட்டு இன்னொரு பக்கம். அப்புறம் டவுன்ஹால் ரோட்டில் ஒரு காலத்தில் வாங்கிய எம்பி3 சிடிகள், ஊர்த் திருவிழாவில் நானே பதிவு செய்த கும்மி, வில்லுப்பாட்டு.

ஃபைல்களைக் காப்பி பண்ணுவது ஒரு வேலையே இல்லை. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். டிஸ்க்கை விண்டோஸ், மேக் இரண்டும் படித்து எழுதும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், விண்டோஸ் பழக்கத்தில் என்டிஎஃப்எஸ்-ஆக விட்டுவிட்டால் மேக் அதைப் படிக்கும், எழுதாது. ஆனால் எந்தப் பாட்டை எந்த வருஷம் சேர்த்தேன், எத்தனை முறை கேட்டேன், எதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன், எந்த வரிசையில் அடுக்கினேன் என்பதெல்லாம் பாட்டு ஃபைலுக்குள் கிடையாது. பாட்டை அடுக்கி வைக்கும் ஆப்பிள் மென்பொருளான ஐடியூன்ஸ் தனியாக வைத்திருக்கும் லைப்ரரி ஃபைலில்தான் இருக்கிறது. பாட்டு ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போட்டால் எல்லாப் பாட்டும் இன்றைக்குப் பிறந்த மாதிரி ஒரே தேதியோடு நிற்கும்.

அதனால் விண்டோஸில் ஐடியூன்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் அதிலேயே 'கன்சாலிடேட் ஃபைல்ஸ்' கொடுத்து, அங்கங்கே சிதறிக் கிடக்கும் பாட்டையெல்லாம் ஒரே இடத்துக்கு வரவைத்து, பிறகு ஐடியூன்ஸ் ஃபோல்டரை மொத்தமாகக் கொண்டு போக வேண்டும். மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து ஐடியூன்ஸ் கிடையாது, மியூசிக் என்ற செயலிதான். ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே அதைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும், பழைய ஐடிஎல் ஃபைலை, அதாவது ஐடியூன்ஸின் லைப்ரரி ஃபைலைக் காட்டினால் எடுத்து மாற்றிக்கொள்ளும். எனக்குச் சேர்த்த தேதிகள், பிளேலிஸ்ட் எல்லாம் அப்படியே வந்தன. 2008-ல் சேர்த்த கச்சேரி 2008 என்றே நிற்கிறது, அதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

மேக்கில் ஃபைல்களைக் காட்டும் ஃபைண்டரில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் ஒரே பெயருள்ள ஃபோல்டரை இன்னொன்றின் மேல் ஒட்டினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். மேக்கில் 'ரீப்ளேஸ்' கொடுத்தால் பழைய ஃபோல்டர் முழுசாகப் போய்விடும், புதிதில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும். 'மதுரை சோமு' என்று இங்கே ஒன்று, அங்கே ஒன்று வைத்திருந்து, உள்ளே வேறு வேறு கச்சேரிகள் இருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மாற்றி முடியும்வரை ஒரு முழுப் பிரதி தனியாக இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது.

கிளம்புவதற்கு முன்னால், விண்டோஸில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது டபிள்யூஎம்ஏ ஃபைல்கள். விண்டோஸ் மீடியா பிளேயரில் சிடி எடுத்தவர்கள் பலரிடம் இது குவிந்திருக்கும். மேக்கின் மியூசிக் இதைத் தொடாது, விண்டோஸ் ஐடியூன்ஸ் காப்பிப் பூட்டு இல்லாத டபிள்யூஎம்ஏவை மாற்றித் தரும். மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையும் என்பதால் அசல் சிடி கையில் இருந்தால் புதிதாக எடுப்பதே நல்லது.

இரண்டாவது தமிழ் எழுத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். யூனிகோட் பரவலாவதற்கு முன்னால் வந்த எம்பி3க்களில் பாட்டின் பெயர் டிஸ்கி, டேப் என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கங்களில் அடித்திருக்கும். அந்த எழுத்துரு இருந்த கணினியில் தமிழாகத் தெரிந்தது, இங்கே வந்தால் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக் கூட்டமாகத் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற விண்டோஸ் மென்பொருளில் அதை யூனிகோடாக மாற்றி, எம்பி3டேக் என்ற மென்பொருளில் பாட்டின் டேகில், அதாவது ஃபைலுக்குள் பெயர் விவரம் எழுதும் இடத்தில், ஒட்டினேன். அதோடு பழைய ஐடி3 முதல் பதிப்பு டேகில் ஒரு தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், அதாவது 10 குறியீடு, காலும் கொம்பும் புள்ளியும்கூட அதில் கணக்கு. ஒரு கீர்த்தனையின் முதல் இரண்டு சொல்லுக்கே போதாது. அதனால் எல்லாவற்றையும் இரண்டாம் பதிப்புக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபைல் பெயரிலும் ஒன்று இருக்கிறது. 'கோ' என்ற எழுத்தை விண்டோஸில் அடித்தால் பொதுவாக க, அதோடு ஓகாரக் குறி ஒன்று என்று போகும். மேக்கின் பழைய டிஸ்க் ஃபார்மேட்டான மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் அந்த ஓகாரக் குறியைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக உடைத்து வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த டிஸ்க்கிலிருந்து ஃபைல்களைப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் கருவி மூலம் லினக்ஸ் கணினிக்கு அனுப்பினால் 'கும்மி' சரியாக இருக்கும், 'கோலாட்டம்' புது ஃபைலாக இரண்டாவது முறை போய் உட்காரும், பிளேலிஸ்ட்டும் அதைக் கண்டுபிடிக்காது. ஒ, ஓ, ஔ குறி வரும் பெயர்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகும் என்பதால் காரணம் புரியவே நாளாகும். மேக்கின் இப்போதைய டிஸ்க் ஃபார்மேட்டான ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது, தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. இருந்தாலும் நான் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்து, தமிழை டேகுக்குள் வைக்கிறேன்.

டேக் என்றதும் சினிமாப் பாட்டு ஞாபகம் வருகிறது. ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஒன்று டி.எம்.எஸ்., ஒன்று சுசீலா, ஒன்று இரண்டு பேரும் என்றால், 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' காலியாக இருந்தால் ஒரே படம் மூன்று ஆல்பமாகச் சிதறும். அங்கே இசையமைப்பாளர் பெயரைப் போட்டால் ஒன்று சேர்ந்துவிடும். எம்.எஸ்., எம். எஸ். சுப்புலட்சுமி, சுப்புலட்சுமி எம்.எஸ். என்று ஒரே ஆளை மூன்று ஆளாக வைத்திருப்பதையும் இதே சாக்கில் சரிசெய்யலாம். கர்நாடக இசைக்கு ராகம், தாளம் எழுத இடமே கிடையாது. நான் 'குரூப்பிங்' பகுதியில் ராகம், 'கமெண்ட்ஸ்' பகுதியில் தாளமும் பக்கவாத்தியமும் எழுதுகிறேன். இவை எல்லாம் ஃபைலுக்குள்ளேயே போவதால் நாளைக்கு எந்த லேப்டாப் வந்தாலும் கூடவே வரும். இந்த இரண்டு வருஷத்தில் நான் மிகவும் அக்கறையாகச் செய்த வேலை இதுதான், இன்னும் முடியவில்லை.

ஃப்ளாக் என்ற ஒலி வடிவத்தில் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு: மேக்கில் ஃபைண்டரில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஃப்ளாக் பாடும், மியூசிக் செயலி மட்டும் சேர்த்துக்கொள்ளாது. ஆப்பிளின் வடிவமான அலாக்காக மாற்ற வேண்டும், இரண்டும் ஒலி இழப்பில்லாதவை என்பதால் ஒரு துளியும் குறையாது. எக்ஸ்எல்டி என்ற இலவச மென்பொருள் டேகோடு சேர்த்து மாற்றித் தருகிறது. அசல் ஃப்ளாக்கை அழிக்காதீர்கள். மூல ஒலிக்கான எம்டி5 சரிபார்ப்பு எண் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது, பல வருஷம் கழித்து ஃபைல் கெட்டுப்போயிருக்கிறதா என்று சோதிக்க அது உதவும். மாற்றவே விருப்பமில்லை என்றால் ஸ்வின்சியன் போன்ற பிளேயருக்குக் காசு கொடுக்கலாம்.

கேட்பதைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி. இந்த ஏரில் விசிறியே கிடையாது. மதுரை சித்திரை வெயிலில் பழைய லேப்டாப்பின் விசிறி ஆலாபனைக்கு நடுவே இரைந்துகொண்டே இருக்கும், மணி அய்யரின் ஸ்வரங்களுக்கு இடையில் வரும் அந்தச் சின்ன இடைவெளிகள் எனக்குக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறது. பல்லவி முடிந்து தனி ஆவர்த்தனம் வேறு டிராக்காக வெட்டியிருந்தாலும் இடைவெளி இல்லாமல் ஓடுகிறது, அலாக்கில் சுத்தமாக, எம்பி3யில் லேம் போன்ற என்கோடரில் (எம்பி3 உருவாக்கும் மென்பொருள்) செய்ததாக இருந்தால் நன்றாகவே.

பென்டிரைவ்தான் இன்னும் தொல்லை. சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்குப் பாட்டு போட்டுக் கொடுத்தேன். மைக் செட் அண்ணன் கூப்பிட்டு, "என்ன தம்பி, பாட்டெல்லாம் ரெண்டு ரெண்டா காட்டுது, ஒண்ணு ஓடுது, ஒண்ணு ஓடமாட்டேங்குது" என்றார். "இருங்கண்ணே, அந்தப் புள்ளி ஃபைலைத் துடைச்சிட்டுத் தர்றேன்" என்று வாங்கி வந்தேன். ஃபேட் வகை டிஸ்க்கில் எழுதும்போது மேக் சில சமயம் ஒவ்வொரு ஃபைலுக்கும் புள்ளி, அடிக்கோடு என்று தொடங்கும் ஒரு குட்டி ஃபைலையும் சேர்த்து வைக்கும். மேக்கில் கண்ணுக்குத் தெரியாது, கார் ஸ்டீரியோவும் மைக் செட் பிளேயரும் அதையும் பாட்டாக எண்ணிக்கொள்ளும். டெர்மினலில் டாட் கிளீன் என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. பென்டிரைவை ஃபேட்32இல் வையுங்கள், உள்ளே எம்பி3 மட்டும் போடுங்கள், அலாக் அங்கே பெரும்பாலும் ஓடாது.

இடம் விஷயத்தில் 256 ஜிபி போதாது. ஒரு சி-60 கேசட்டை சிடி தரத்தில் வேவ் ஃபைலாக எடுத்தால் சுமார் 635 எம்பி, அலாக்கில் ஏறக்குறைய பாதி. அதனால் பாட்டெல்லாம் வெளி எஸ்எஸ்டியில் இருக்கிறது. அதைச் செருகாமல் மியூசிக்கைத் திறந்து பாட்டைத் தட்டினால் பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்து நிற்கும், ஆகவே டிஸ்க் முதலில், செயலி அப்புறம். இன்னொரு பிரதி தங்கச்சி வீட்டில், அனுப்பானடியில்.

கேசட் மாற்றுபவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள், மேக்புக்கின் ஹெட்ஃபோன் ஓட்டையில் ஸ்டீரியோ உள்ளீடு கிடையாது, ஹெட்செட் மைக்குக்கான மோனோதான். டெக்கிலிருந்து எடுக்க ஸ்டீரியோ லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வேண்டும், ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி மேக்கிலும் ஓடுகிறது. பழைய லேப்டாப்பை நான் விற்கவில்லை. என்எச்எம் கன்வர்ட்டர் அதில்தான் இருக்கிறது, டவுன்ஹால் ரோட்டு எம்பி3 சிடிகளில் இன்னும் ஒரு பெட்டி பாக்கி, மேக்கில் சிடி டிரைவும் கிடையாது. அந்தப் பெட்டி முடிகிற வரைக்கும் இரண்டு லேப்டாப்பும் மேசை மேல் இருக்கும்.