குடலுக்கான ஒலிப் பயிற்சி: ஆறு வாரங்களுக்குப் பின்

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குறியோடு சில ஆண்டுகளாகப் போராடி வரும் நான், மருத்துவரின் ஒப்புதலோடு, குடலை மையமாகக் கொண்ட ஹிப்னோதெரபியை, அதாவது ஆழ்ந்த தளர்வு நிலையில் மனத்துக்குக் கருத்தூட்டும் சிகிச்சையை, கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியே ஆறு வாரம் பயின்றேன். நாளுக்கு ஒரு சிறு பாடமும், அதைத் தொடர்ந்து கால் மணி நேர ஒலிப்பதிவும் வரும்.

பணம் கொடுத்ததற்கு ஈடாக நான் கருதுவது அந்தப் பாடங்களைத்தான். அச்சம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருவதற்கான உடலியல் காரணத்தை அவை தெளிவாக எடுத்துரைக்கின்றன. குடல் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, குடலின் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்பவை. பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் பெருங்குடலின் அசைவைத் தூண்டுகின்றன, ஐ.பி.எஸ். உள்ள பலருக்கோ, மற்றவர்களுக்கு உறைக்காத சிறு வாயு அழுத்தமும் வலியாகத் தெரிகிறது. அந்த வலி மீண்டும் வருமோ என்ற அச்சம் அடுத்த வலிக்கு வழிவிடுகிறது. எல்லாம் மனப்பிரமை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்த எனக்கு, இந்த விளக்கமே பாதி மருந்தாக இருந்தது.

ஒலிப்பதிவுகளைப் பொறுத்தவரை, குடலை அமைதியாக ஓடும் ஆறாகக் கற்பனை செய்யச் சொல்லும் அந்தக் குரலைக் கேட்டு முதல் இரண்டு வாரம் நான் தூங்கியதுதான் மிச்சம். மூன்றாம் வாரத்திலிருந்து, வெளியே புறப்படும் முன் கழிப்பறை எங்கே இருக்கும் என்று கணக்குப் போடும் பழக்கம் குறைந்தது. வலி வரும் நாட்களும் பின்னர் குறைந்தன. வயிற்று உப்புசம் மட்டும் அப்படியே இருக்கிறது.

குறைகளும் உண்டு. 1984-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த மருத்துவர் பீட்டர் ஹோர்வெல் குழுவினர் இந்தச் சிகிச்சை குறித்து 30 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் நடத்திய புகழ்பெற்ற ஆய்வைச் செயலி பெருமையுடன் சுட்டுகிறது. ஆனால் அங்கே சிகிச்சை அளித்தவர் நேரில் அமர்ந்திருந்த மனிதர், பதிவு செய்யப்பட்ட குரல் அல்லர் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. அதைவிடப் பெரிய குறை, மலத்தில் இரத்தம், காரணமற்ற எடை இழப்பு, இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தொல்லை ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்ற எச்சரிக்கை, முதல் திரையில் இல்லாமல் அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருப்பது. பதற்றமே காரணம் என்று தாமாக முடிவு கட்டிக்கொண்டு இதை வாங்குபவருக்கு அது ஆபத்தாக முடியலாம்.

சந்தா தானாகவே புதுப்பிக்கப்படுகிறது; வேண்டாதவர்கள் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். நான் நிறுத்திவிட்டேன், அதில் கற்ற மூச்சுப் பயிற்சியை மட்டும் தொடர்கிறேன்.