ழகரத்தைத் தாழ்த்திப் பார்த்தேன்: சீலாடெக் மதிப்புரை

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்புக் குழுவுக்காக நான்கு பக்கச் செய்திமடல் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். மடலின் பெயர் ‘தாழ்வாரம்’. பெயரிலேயே ‘தாழ்’ இருப்பதால், அதன் ழகர மெய்யை மட்டும் சற்றுக் கீழே இறக்கி, அக்கம்பக்கத்து எழுத்துகளை நெருக்கி ஓர் எழுத்துச் சின்னம் செய்யலாம் என்று தோன்றியது. வரைகலைச் செயலி எதையும் நாடாமல், மடலை அச்சுக்கோக்கும் மென்பொருளான சீலாடெக்கிலேயே, கட்டளைகளை மட்டும் கொண்டு அதைச் செய்தேன்.

எண்ணம் என்னுடையது அன்று. டொனால்ட் கனூத் 1970களின் இறுதியில் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் சின்னமே இப்படித்தான் அமைந்தது. அதில் நடுவிலுள்ள ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து அரை ‘எக்ஸ்’ அளவு கீழே இறங்கியிருக்கும். அதற்கு முன்னுள்ள இடைவெளி 0.1667 ‘எம்’ (எழுத்துருவின் அளவைச் சார்ந்த அகல அலகு), பின்னுள்ளது 0.125 ‘எம்’ குறைக்கப்பட்டிருக்கும். (பெயரைக் கேட்டதும் தேக்கா ஈரச்சந்தையை நினைத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு: கடைசி எழுத்து கிரேக்கத்தின் ‘கை’, ஆகவே ‘டெக்ஸ்’ அன்று, ‘டெக்’.) ஜோனத்தன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக், ஒருங்குறித் தமிழை நேரடியாக ஏற்று, கணினியிலுள்ள எழுத்துருக்களையே பயன்படுத்துகிறது. டெக்கின் மேல் எழுதப்பட்ட ஆயத்தக் கட்டளைத் தொகுப்பு லாடெக்; சீடெக்கில் இயங்கும் லாடெக்தான் சீலாடெக். விலை எதுவும் இல்லை.

தேவைப்படுபவை இரண்டே கட்டளைகள். எழுத்தைப் பெட்டிக்குள் வைத்து ஏற்றவோ இறக்கவோ ‘ரெய்ஸ்பாக்ஸ்’. இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ ‘கெர்ன்’. ஆனால் கனூத்தின் அளவுகளைத் தமிழுக்கு அப்படியே எடுத்து வைத்தால் பொருந்துவதில்லை. ‘எக்ஸ்’ என்பது அந்தப் பெயருடைய ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரம். தமிழ் எழுத்துருவுக்குள் உடன் வரும் ஆங்கில எழுத்துகள் எந்த அளவில் வரையப்பட்டனவோ அதைப் பொறுத்து அது மாறும், நம் எழுத்துகளின் உயரத்தோடு அதற்கு உறவில்லை. நான் ‘செட்டுஹைட்’ கட்டளையால் ‘ர’வின் உயரத்தை அளந்து, அதில் 0.35 பங்கு ழகரத்தை இறக்கினேன். முதலில் 0.15 பங்குதான் இறக்கியிருந்தேன்; குழுவின் மூத்த வாசகர் ஒருவர் அச்சுப்பிழை என்று பேனாவால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். அவர் செய்தது சரியே. இறக்கம் துணிவாக இல்லாவிட்டால் அது வடிவமைப்பாகத் தெரியாது, கவனக்குறைவாகவே தெரியும்.

தமிழில் இதைச் செய்பவர் கண்டிப்பாக அறிந்திருக்க வேண்டியது, பெட்டிக்குள் போக வேண்டியது ஒருங்குறிக் குறியீடு அன்று, முழு எழுத்து என்பதே. நான் ‘ழ’வை மட்டும் பெட்டிக்குள் வைத்துப் புள்ளியை வெளியே விட்டபோது, அந்தப் புள்ளி துணையில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கொம்புள்ள எழுத்துகளில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: எழுத்துருவை அழைக்கும்போது ‘ஸ்கிரிப்ட்’ தெரிவில் தமிழ் என்று குறிப்பிடாவிட்டால், ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடும். இவற்றைச் சரியாகச் செய்துவிட்டால் எழுத்து குலைவதே இல்லை.

ழகரத்தின் வால் இயல்பாகவே கீழே இறங்குவது. அதை மேலும் தாழ்த்தினால், உரைக்கு நடுவே சின்னம் வரும் இடங்களில் அடுத்த வரி தள்ளிப்போய்ப் பத்தி சீரற்றுத் தெரியும். ‘ரெய்ஸ்பாக்ஸ்’ கட்டளையின் இரண்டு விருப்ப அளவுகளில் உயரத்தையும் ஆழத்தையும் சுழியம் என்று அறிவித்தால் வரிகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. பிறகு இவற்றையெல்லாம் புதிய கட்டளை வகுக்கும் ‘நியூகமாண்ட்’ மூலம் ஒரே பெயரில் அடக்கிவிட்டால், மடலில் எங்கே அழைத்தாலும் சின்னம் ஒரே மாதிரி வருகிறது. அளவுகள் எழுத்தின் அளவையே சார்ந்திருப்பதால் அடிக்குறிப்பில் சுருங்குகிறது, தலைப்பில் விரிகிறது. சுட்டியால் எழுத்தை இழுத்து வைக்கும் செயலிகளில் இந்த ஒழுங்கைப் பெற நான் பட்ட பாடு தனிக் கதை.

குறைகளும் உண்டு. மாற்றத்தை உடனே பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் கோப்பைத் தொகுத்த பின்புதான் விளைவு தெரியும் என்பதால், எழுத்து நெருக்கத்தில் 0.05 ‘எம்’முக்கும் 0.08 ‘எம்’முக்கும் இடையே அலைந்ததில் ஒரு மாலைப் பொழுதே போய்விட்டது. இவை அனைத்தையும் சேர்த்து நிறுவும் முழு டெக்லைவ் தொகுப்பு வட்டில் பல கிகாபைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பிழைச் செய்திகளோ புதியவரை மிரட்டுபவை.

சின்னத்தைத் தனியே எடுக்க ‘ஸ்டாண்டலோன்’ ஆவண வகை உதவியது. அது தாளைச் சின்னத்தின் அளவுக்கே நறுக்கிப் பிடிஎஃப் கோப்பாகத் தருகிறது. ஏப்ரல் தமிழ்மொழி மாதத்திற்கான பதாகைக்காக அந்தக் கோப்பைப் பிராஸ் பாசாவிலுள்ள அச்சகம் ஒன்றில் கொடுத்தேன். கோடுகளாகவே இருப்பதால் இரண்டு மீட்டர் அகலத்திலும் விளிம்பு மங்கவில்லை. ஆனால் பத்துப் புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவில் நெருக்கமாகத் தெரிந்த ‘ழ்’, ‘வா’ ஆகியவற்றின் இடைவெளி, பதாகையில் ஒரு விரல் நுழையும் சந்தாகத் தெரிந்தது. விகிதம் மாறவில்லை, கண்தான் வேறு விதமாக அளக்கிறது. அதனால் பெரிய அளவுக்கென்று 0.11 ‘எம்’ நெருக்கத்துடன் இரண்டாவது கட்டளை ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன்.