மேலாளரின் சொந்த எண்ணுக்கு முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்: எங்கள் 7,500 ரூபாய் போன விதம்

தென்சென்னையில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு சைவ உணவகம் எங்களிடம் 7,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, அப்படி ஒரு பணம் தங்களுக்கு வரவே இல்லை என்று சாதிக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. கீழே டிபன், மாடியில் சுமார் நாற்பது பேர் உட்காரக்கூடிய ஏசி ஹால், வாசலில் பீடா கடை என்ற இந்த வகை உணவகம் நங்கநல்லூரிலும் மடிப்பாக்கத்திலும் அசோக் நகரிலும் வளசரவாக்கத்திலும் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. ஆகவே எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், சில இடங்களில் சொற்கள் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, அம்மாவின் ஐம்பதாவது திருமண நாளுக்கு நெருங்கிய உறவினர்களை மட்டும் அழைத்து ஒரு மதிய விருந்து கொடுக்க நினைத்தோம். முப்பது பேருக்காகக் கல்யாண மண்டபம் பிடிக்க முடியாது, சமையல் ஒப்பந்தக்காரர்களோ ஐம்பது இலைக்குக் குறைந்தால் பேசவே தயங்குகிறார்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் வீட்டுக்குள் பந்தி போடவும் இடமில்லை. இந்த நிலையில் நடுத்தரக் குடும்பங்கள் அக்கம்பக்கத்து உணவகத்தின் மாடி ஹாலைத்தான் நாடுகின்றன. பல ஆண்டுகளாக ஞாயிறு காலை டிபனுக்கு நாங்கள் போய்வரும் கடை என்பதால், வேறு இடத்தில் விசாரிக்கவேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்த மேலாளர் எங்களைப் பெயர் சொல்லி வரவேற்கக்கூடியவர். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லாத காபி என்பதும், அப்பாவுக்கு ரவா தோசையில் மிளகு குறைவாக இருக்கவேண்டும் என்பதும் அவருக்கு நாங்கள் சொல்லாமலேயே தெரியும். விருந்து பற்றிச் சொன்னதும் "ஐம்பதாவது கல்யாண நாளா, சார், நம்ம வீட்டு விசேஷம் மாதிரி பண்ணிடுறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். இலைக்கு 420 ரூபாய், வரி உட்பட, முப்பது இலைக்கு 12,600 ரூபாய் என்று பேசி முடித்தோம். வாழைப்பூ வடை, அவியல், சேனை வறுவல், மோர்க்குழம்பு, அக்காரவடிசல், பருப்புப் பாயசம், கடைசியில் வெற்றிலைபாக்கு என்று ஒவ்வொன்றாக அவரே பச்சை மையில் எழுதினார். கல்லா மேஜையிலிருந்து தடித்த நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தில் மாடி ஹால் என்று குறித்து அப்பாவின் பெயரை எழுதி, எங்கள் பக்கம் திருப்பியும் காட்டினார்.

அடுத்து முன்பணம். மேஜை மேல் கடையின் கியூஆர் அட்டை இருந்தது, அதை நோக்கிக் கைபேசியை நீட்டியபோது அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது ரெண்டு நாளா சரியில்லை சார், வங்கியில கணக்கை மாத்துறாங்க, பணம் பாதியிலயே நின்னுடுது, என் நம்பருக்குப் போடுங்க, ராத்திரி கணக்கு முடிக்கும்போது கல்லாவுல கட்டிடுறேன்" என்றார். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் ஓர் அடி தள்ளித்தான் இருந்தார். இதைக் கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை. 7,500 ரூபாய் போய்ச் சேர்ந்தது. ரசீது கேட்டேன். பில் புத்தகத்தின் பின்தாள் ஒன்றைப் பாதியாகக் கிழித்து, "ரூ.7,500 முன்பணம் பெறப்பட்டது" என்று எழுதி, கடையின் வட்ட முத்திரையை மைத்தட்டில் ஒற்றிக் குத்தினார். ஊதா மை இன்னும் காயாததால் முத்திரையின் ஓரம் என் கட்டைவிரலில் பட்டு இழுபட்டது. அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கடை இருக்கும் தெருவின் பெயர் அழிந்திருந்தாலும் கடையின் பெயர் தெளிவாகத் தெரிகிறது.

விருந்தன்று முகூர்த்த நாள். பதினொன்றரை மணிக்குப் போனபோது மாடிப்படியின் கைப்பிடியில் செவ்வந்திச் சரம் சுற்றியிருந்தது. எங்களுக்காகத்தான் அலங்கரித்திருக்கிறார்கள் என்று அம்மா மகிழ்ந்தே போனார். மேலே வேறொரு குடும்பத்தின் நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. கீழே இறங்கி வந்து கேட்டால், கல்லாவில் இருந்த அதே மனிதர் "உங்க பேர்ல புக்கிங் எதுவும் இல்லையே" என்றார். மேலாளர் எங்கே என்றேன். போன மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டார் என்றார். பச்சை மையில் எழுதிய நாட்குறிப்பைக் காட்டுங்கள் என்றபோது, பக்கங்கள் மடங்காத புத்தம்புதிய நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். பிற்பாடு தண்ணீர் வைக்க வந்த ஒருவர் தாழ்ந்த குரலில், மேலாளர் வியாழக்கிழமை வரைக்கும் வேலைக்கு வந்ததாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்குத் தொல்லை வரக்கூடாது என்பதால் அவரைப்பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்திருந்த உறவினர்கள் வாசலில் நிற்கிறார்கள். எண்பது வயதைக் கடந்த பெரியப்பா நிழல் தேடுகிறார். அந்த நேரத்தில் முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு நான் வேறெங்கே போவது? கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. கீழ்த்தளத்தில், ஏசி இல்லாத பகுதியில், மேஜைகள் காலியாகக் காலியாக இரண்டிரண்டு பேராகவும் நான்கு நான்கு பேராகவும் உட்காரவைத்தார்கள். அப்பா ஒரு மூலையிலும் அம்மா கைகழுவும் தொட்டிக்கு அருகிலும் உட்கார்ந்து தங்கள் திருமண நாள் விருந்தைச் சாப்பிட்டார்கள். அக்காரவடிசல் இல்லை, ரவா கேசரி வந்தது. வாழைப்பூ வடை இல்லை, காலையில் போட்டு ஆறிப்போன மெதுவடை வந்தது. அவியல் என்ற பேச்சே இல்லை. அன்றாட மதியச் சாப்பாட்டைத்தான் போட்டார்கள், விலை மட்டும் நாங்கள் பேசிய விலை. பதிவே இல்லை என்பவர்களுக்கு இலைக்கு 420 ரூபாய் என்ற கணக்கு எங்கிருந்து தெரிந்தது என்று இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பில் வந்தது. சாப்பாடு 12,600, அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 1,260, இரண்டையும் கூட்டி அதன் மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி, 693, மொத்தம் 14,553 ரூபாய். முன்பணம் 7,500 ரூபாய் எந்த வரியிலும் கழிக்கப்படவில்லை. வரி உட்பட என்று பேசிய 12,600 ரூபாய் விருந்துக்கு, கொடுத்த 7,500 ரூபாயையும் சேர்த்தால், எங்கள் கையிலிருந்து போனது 22,053 ரூபாய். நான் குரலை உயர்த்தியபோது அப்பா தோளைத் தொட்டு, "நல்ல நாள்ல சபையில வேணாம்ப்பா, கட்டிடு" என்றார். கட்டினேன். ஆனால் மறுப்புடன் கட்டுவதாகப் பில்லின் ஓரத்தில் எழுதிப் படமெடுத்துக்கொண்டுதான் கட்டினேன்.

சர்வீஸ் சார்ஜ் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக்கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளரின் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டு அதே மாதம் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதை நான் கைபேசியில் எடுத்துக் காட்டியபோது மேற்பார்வையாளர் சற்றும் தயங்காமல் "அது டெல்லிக்கு, சார்" என்றார். நாடு முழுவதற்குமான ஆணையத்தின் உத்தரவு சென்னைக்கு வராது என்று அவரிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. விருப்பப்பட்டால் கொடுக்கவேண்டிய அந்த 1,260 ரூபாய்க்கும் சேர்த்து 63 ரூபாய் ஜிஎஸ்டி பிடித்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் 7,500 ரூபாயில்தான். மறுநாள் போனேன். முதலாளி ஊரில் இல்லை, திங்கட்கிழமை கடைக்கே வரமாட்டார் என்றார்கள். எண்ணைக் கேட்டேன், கொடுக்கக்கூடாது என்று உத்தரவாம். பிறகு ஒரு வழியாகத் தொலைபேசியில் கிடைத்தவர் முதலாளியின் மைத்துனர் என்று தெரிந்தது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் அவர்தான் பார்ப்பார்" என்று வைத்துவிட்டார். முதலாளியே கிடைத்தபோது, எங்கள் கடைக் கணக்கில் பணம் வரவில்லை, யாருக்கு அனுப்பினீர்களோ அவரையே போய்க் கேளுங்கள் என்றார். உங்கள் முத்திரை குத்திய தாள் இருக்கிறதே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சீல் மேஜை மேலதான் கிடக்கும், யார் வேணும்னாலும் குத்திக்கலாம்." யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளக்கூடிய முத்திரையை எடுத்துக் குத்தியவர் அந்தக் கடையின் சீருடைச் சட்டையில், சட்டைப் பையில் 'மேலாளர்' என்ற பட்டையோடு, கல்லாவுக்கு ஓரடி தள்ளி இருந்தார்.

அந்த மேலாளர் மேல் தாங்களே காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதாகவும் ஒரு முறை சொன்னார்கள். மனு ஏற்பு ரசீதின் நகலைக் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றுபோனது. கடைசியாக, சமாதானம் பேசுவதைப்போல், அடுத்த முறை குடும்பத்தோடு வந்தால் இருபது சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். 7,500 ரூபாயை விழுங்கிய இடத்தில் மறுபடி உட்கார்ந்து சாப்பிட எங்களுக்கு என்ன தலையெழுத்து? மேலாளரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. என் வங்கியைக் கேட்டால், நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணத்தைப் பெற்றவரின் சம்மதமில்லாமல் திருப்ப முடியாது என்கிறார்கள்.

"எங்கள் கணக்கில் வரவில்லை" என்ற ஒற்றை வரியைச் சட்டமாகவே நினைத்துக்கொண்டு இவர்கள் பேசுகிறார்கள், கேட்பவர்களும் நம்பித் திரும்பிவிடுகிறார்கள். வழக்கறிஞரான நண்பர் ஒருவர் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 237, 238 ஆகிய பிரிவுகளை எடுத்துக் காட்டினார். தன் முகவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று வெளியார் நம்பும்படி முதலாளி தன் சொல்லாலோ நடத்தையாலோ செய்திருந்தால், முகவர் அதிகாரமில்லாமல் செய்ததும் முதலாளியைக் கட்டுப்படுத்தும். முதலாளியின் தொழிலை நடத்தும்போது முகவர் செய்த மோசடி, அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை முதலாளியே செய்ததற்குச் சமம். ஒருவரை மேலாளர் என்று பட்டை குத்தி உட்காரவைத்து, ஹாலைப் பதிவு செய்யவும் விலை பேசவும் விட்டுவிட்டு, பணம் என்று வந்தவுடன் அவர் யாரோ நாங்கள் யாரோ என்று சொல்ல முடியாது. ஊழியர் ஏமாற்றியிருந்தால் அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையே தீர்க்கவேண்டிய வழக்கு. எங்கள் 7,500 ரூபாயைத் தரவேண்டியவர் முதலாளி.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். காவல் நிலையத்தில் முதலில் இது சிவில் விவகாரம் என்றார்கள், எழுத்து மூலம் கொடுத்த பிறகு மனு ஏற்பு ரசீது தந்தார்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 7,500 ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்ற கணக்கில்தான் இவர்கள் தைரியமாக இருக்கிறார்கள்; நான் அலையப் போகிறேன்.

இத்தகைய ஹால்களை எப்படிப் பார்த்துப் பதிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இப்போது அதற்குப் பொறுமையில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கடையின் கியூஆர் வேலை செய்யவில்லை என்றால், வேலை செய்யும் நாளில் வந்து கட்டுங்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் கடையின் பெயரா, தனி மனிதரின் பெயரா என்று பாருங்கள். தாளில் எழுதிக் கொடுப்பதை ஏற்காமல், கணினியில் அடித்த எண்ணிட்ட ரசீதைக் கேளுங்கள். வரி வாங்கும் கடையென்றால் அதில் 33 என்று தொடங்கும் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கவேண்டும். நாட்குறிப்பின் பக்கத்தைக் காட்டினால் அங்கேயே படமெடுத்துவிடுங்கள். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு மேலாளரை அழைக்காமல் கல்லாவை அழைத்து உறுதி செய்யுங்கள். சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொல்லுங்கள், டெல்லி என்றால் 1915-ஐ அவர்கள் எதிரிலேயே அழையுங்கள்.

இதே கடையிலோ இதே வகைக் கடையிலோ மாடி ஹாலுக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால், பணம் அனுப்பிய தேதியையும் பெற்றவர் பெயராகத் திரையில் வந்ததையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒருவருக்கு மேல் இருந்தால் மனுவில் அதையும் சேர்க்கவேண்டும் என்று நண்பர் சொல்கிறார்.