அலஸ்தோட்டம் பக்கம் காணி பார்க்கிறீர்களா? மார்கழியில் வந்து பாருங்கள்

திருகோணமலை டவுனுக்கு வடக்கே அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவு பக்கம் குடியிருக்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். டவுனுக்குள் வாடகை கட்டி அலுத்தவர்கள் கேட்கிறார்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே அம்மா அப்பாவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க நினைக்கிறவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். நாங்கள் 2019இல் நிலாவெளி வீதிக்கு மேற்கே ஒரு ஒழுங்கைக்குள் வீடு கட்டி வந்தோம். இந்தப் பக்கத்துக்கு ஐந்துக்கு மூன்றரை புள்ளி கொடுப்பேன். குறைத்த ஒன்றரையும் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீருக்காகத்தான்.

நாங்கள் காணி பார்த்தது ஆவணி மாதம். கச்சான் காற்றில் தரை வெடித்துக் காய்ந்து கிடந்தது, தரகர் காலால் மண்ணைக் கிளறிக் காட்டி, மணல் தரை, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது என்றார், நாங்களும் நம்பினோம். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எனக்கே அது உறைக்கவில்லை என்பதுதான் இன்றும் வருத்தம், ஏனென்றால் எங்கள் ஊரின் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் கொட்டும், ஆவணியில் எந்தப் பள்ளக்காணியும் மேட்டுக்காணி மாதிரித்தான் தெரியும். வந்த முதல் மார்கழியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர், முன் விறாந்தைக்குள் வந்துவிட்டது.

மணல் தண்ணீரைக் குடிக்கும், சரி. ஆனால் நிலத்தடி நீர் மேலே ஏறி வந்துவிட்டால் மணலுக்கும் குடிக்க இடமில்லை. முன்பு அந்தத் தண்ணீர் வெறும் காணிகளுக்குள்ளால் ஓடித் தாழ்ந்த பக்கம் போய்ச் சேர்ந்தது. இப்போது வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் டிப்பர் டிப்பராகக் கிரவல் கொட்டி, பக்கத்து வீட்டை விட இரண்டடி உயர்த்தி, அத்திவாரத்திலிருந்தே மதிலை அடைத்துக் கட்டுகிறார்கள், அதனால் கடைசியாகக் கட்டியவர் வீடு காய்ந்து கிடக்க, முதலில் வந்து குடியேறியவரின் அடுப்படிக்குள் தண்ணீர் நிற்கிறது. பெரிய வீதியில் மழைத்தண்ணீர் ஓடும் கான் இருக்கிறது, ஒழுங்கைகளில் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டும் எங்கேயோ ஒரு மதிலில் போய் முட்டி நிற்கின்றன. ஒழுங்கைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்து, கேட்க வேண்டிய இடத்தில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தோம். கொங்கிரீட் வீதி வந்தது. கான் வரவில்லை. கொங்கிரீட் போட்டதும் தண்ணீர் இன்னும் வேகமாக உள்ளே வருகிறது.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறார், எழுபது தாண்டியவர், இங்கேயே பிறந்தவர். "பிள்ளை, இது முந்தித் தண்ணி நிக்கிற இடம், மாடு குளிக்கும். அதாலதான் நாங்கள் ஒருத்தரும் இதில வீடு கட்டேல்ல" என்றார். காணி வாங்குவதற்கு முன் அவரிடம் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விசயம்.

அடுத்தது கிணறு. இங்கே இப்போது துண்டாடி விற்பது பெரும்பாலும் 10 பேர்ச் காணிகள். 10 பேர்ச் என்றால் 2,722 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 45 அடிக்கு 60 அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். உங்கள் காணிக்குள் ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் குழியுமாக எப்படியோ சமாளித்தாலும், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்குப் பத்தடியில் இருக்கும். கடலுக்குக் கிட்டப் போகப் போக, கோடையில் மோட்டார் போட்டு இறைத்தால் தண்ணீர் உவர்க்கவும் தொடங்கும். ஆகவே கிணற்றுத் தண்ணீர் மரத்துக்கும் கழுவலுக்கும் மட்டும். குடிக்க, சமைக்கப் பைப் தண்ணீர்தான், அது கந்தளாய்க் குளத்திலிருந்து 40 கிலோமீற்றர் அளவு ஓடி வருகிறது. பைப் இணைப்பு ஒழுங்கைக்குள் வந்திருக்கிறதா என்று கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு சொல்லியும் மூன்றரை கொடுக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. பின்னேரம் நாலரைக்குக் கடற்காற்று ஏறி வரும்போது டவுனில் கிடந்த வெக்கை ஞாபகத்துக்கே வராது. கரைவலை இழுத்த நாட்களில் கீரி மீனும் சூடை மீனும் துடிக்கத் துடிக்க ஒழுங்கை வாசலுக்கே சைக்கிளில் வரும். பஸ் அடிக்கடி உண்டு, ஓட்டோவில் ரயில் நிலையம் கிட்டத்தான், இரவு ரயில் ஏறினால் விடியக் கொழும்பு. அயலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஒழுங்கையில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் மூன்றும் உண்டு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது, கடைக்கார நானா தன் மாடியைத் திறந்துவிட்டார், நாலு குடும்பம் அங்கே பாய் விரித்துப் படுத்தோம். 2004 ஆழிப்பேரலையைப் பார்த்தவர்கள் அன்றிரவு ஒரு கண்ணும் மூடவில்லை, காற்றை விடக் கடலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பாலானோர் பிள்ளைகளை டவுனுக்குத்தான் அனுப்புகிறார்கள், இந்துக் கல்லூரி, சண்முகா, சென்ட் ஜோசப் என்று. காலை ஏழு மணிக்கு நிலாவெளி வீதியில் ஒரே நெருக்கடி. பெரிய ஆஸ்பத்திரியும் டவுனில்தான், வயதானவர்களோடு வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் பேச்சு இரண்டாகப் பிரியும். ஹோட்டலில் வேலை செய்யும் தம்பி ஒருவர், இந்த வேலை இல்லையென்றால் நான் இப்போது கட்டாரில் இருப்பேன் அக்கா என்கிறார், அவர் அம்மாவோடு இருப்பதே அந்த ஹோட்டல்களால்தான். கரைவலைக்காரர் ஒருவரிடம் கேட்டால், வலை இழுக்கிற இடத்துக்குக் குறுக்கே கதிரை போட்டிருக்கிறார்கள், அப்பா காலத்தில் கடலுக்குப் போன ஒழுங்கையில் இப்போது கேற் என்கிறார். ஆழிப்பேரலைக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், அப்புறம் தளர்த்தினார்கள். மீனவர் பின்னால் போன இடத்துக்கு ஹோட்டல் கொங்கிரீட் முன்னால் வந்தது எனக்கும் பொறுக்கவில்லை. கடலுக்குப் போகும் வழியை அடைப்பது பிழை, வேலை தருகிறோம் என்பது அதற்குப் பதில் ஆகாது.

வருகிறவர்கள் கார்த்திகை கடைசியிலோ மார்கழியிலோ, மழை விட்ட மறுநாள் வாருங்கள். தரகர் இல்லாமல் ஒழுங்கைக்குள் நடந்து போங்கள், பழைய வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கறையைப் பாருங்கள், கான் எங்கே போய் முடிகிறது என்று கடைசி வரை நடந்து பாருங்கள். எங்கள் மதிலில் 2019இல் நின்ற தண்ணீரின் கோடு இன்னும் இருக்கிறது, இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் மேலே வருகிறது. போன கிழமை பக்கத்துக் காணியைப் பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினேன்.