எட்டாம் நம்பர் வண்டியும் என்னோட மூணு வார லீவும்

இந்த தடவ தர்மபுரி வந்தது அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு. வீடு பூரா சொந்தக்காரங்க, படுக்க எடமில்ல, அதனால பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டேன். சுத்தமா தான் இருந்துச்சு, வெந்நீர் காலைல ரெண்டு மணி நேரம் தான் ஆனா கரெக்டா வந்துரும். என் ரூம் 9, பக்கத்து ரூம் 7. நடுவுல 8 எங்கப்பானு கவுண்டர் பையன கேட்டா "அந்த நம்பர் போட்டா யாரும் எடுக்க மாட்டாங்கண்ணா, தலகாணி பெட்ஷீட் வைக்கற ரூமாக்கிட்டோம்"ங்கறான். ஆனா மாடில 108க்கு அடிதடியாம், கூட்டினா 9, சாமி நம்பர் வேற. ஆம்புலன்ஸுக்கும் அதே நம்பர் தானேப்பானு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, விட்டுட்டேன்.

நான் இருக்கறது சிங்கப்பூர்ல. அங்க சீனக்காரங்களுக்கு 8னா உசுரு, அவங்க பாஷைல செல்வம் பெருகறதுக்கான வார்த்தை மாதிரியே ஒலிக்கும், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸயே எட்டாம் மாசம் எட்டாம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு தான் ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு ஆகாதது 4, சாவுன்னு காதுல விழும். நாலரை மணி நேரம் ஃப்ளைட்ல உக்காந்து இங்க எறங்கினா அதே 8 சனி பகவான் கைக்கு போயிருது.

அக்கா பையனுக்கு ஒரு பழைய பைக் வாங்கித் தரேன்னு சொல்லியிருந்தேன். சேலம் ரோட்ல ஒரு கடைல ஒரு வண்டி, டயர் நல்லா இருக்கு, இஞ்சின் சத்தம் சுத்தமா இருக்கு, ஆனா பக்கத்துல நின்ன அதே மாடல விட நாலாயிரம் கம்மி. ஏங்கன்னு கேட்டா கடைக்காரர் குரல எறக்கி "நம்பர கூட்டிப் பாருங்க சார்" அப்டின்னார். 5102. கூட்டினா எட்டு. மாமா ரெண்டடி பின்னால போயிட்டார், நெஜமா.

நான் சும்மா இருந்திருக்கலாம். பெரிய புத்திசாலி மாதிரி "மாமா, டிஎன் 29ல இருக்கற 29ஐயும் சேருங்க, 8ம் 2ம் 9ம் 19, ஒண்ணும் ஒம்பதும் பத்து, கடைசில 1, சூரியன்"னு வெளக்குனேன், கிருஷ்ணகிரி வண்டியா இருந்தா 24 சேந்து 5 வந்திருக்கும் அது வேற கத. மாமா மொகம் தெளிஞ்சுது. கடைக்காரர் மொகம் அதவிட தெளிஞ்சுது. "அப்ப சூரியன் வண்டிங்களா சார், நாலாயிரம்லாம் கொறைக்க கட்டுப்படியாகாதே". அரை மணி நேரம் பேசி ரெண்டாயிரம் கொறைச்சு முடிச்சோம். என் வாயால போனது ரெண்டாயிரம்.

வெள்ளிக்கிழம வண்டி எடுக்க பத்தே முக்காலுக்கு போனா ராகு காலம், பன்னெண்டு வரைக்கும் சாவி தர மாட்டேன்னுட்டார். குத்தம் சொல்லக்கூடாது, ரெண்டு தடவ டீ வாங்கிக் குடுத்தார், ஃபேன எங்க பக்கம் திருப்பி வச்சார், ஆர்சி மாத்தற பேப்பர்லாம் அந்த நேரத்துலயே எழுதி முடிச்சுட்டார். கையெழுத்து மட்டும் பன்னெண்டு அஞ்சுக்கு.

அடுத்த வாரம் பையனுக்கு லைசென்ஸ் டெஸ்ட். அங்க என்ன போடச் சொல்வாங்கன்னு தெரியும்ல, எட்டு தான், கால் ஊனாம. ரெண்டாவது வளைவுல ஊனிட்டான். அடுத்த தேதிக்கு வாங்கன்னுட்டாங்க. மாமா என்னைய திரும்பிப் பாத்து சொன்னாரு,

"29அ சேத்தது தப்பு மாப்ள."