உச்சவரம்பா, சொகுசு வரியா, அடிவரம்பா? பேஸ்பால் பணத்தில் ரசிகனுக்கு எது நல்லது

2025 சீசனில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) பால் ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 1.97 ரன்தான் விட்டுக்கொடுத்தார். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலுடைய இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாக அவருக்குப் போனது. ஆனால் அவர் பெயரில் எழுதப்பட்ட வெற்றி 10, தோல்வியும் 10. அவர் உயிரைக் கொடுத்துப் பந்து போட்ட எத்தனையோ நாட்களில் அணியால் நாலு ரன் அடித்துக் கொடுக்க முடியவில்லை. பேட்டர்களை வாங்கப் பணம் செலவழித்தால்தானே ரன் வரும்? அந்த அணி பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளைப் பார்த்தது கடைசியாக 2015-ல்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேஜர் லீக் பேஸ்பாலில் உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. போன தடவை, 2021 டிசம்பரில் முடிந்தபோது, உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்தி 99 நாள் கதவடைப்பு செய்தார்கள். இந்தத் தடவை பேச்செல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியைப் பற்றித்தான்: லாஸ் ஏஞ்சலஸ் பணத்தை வாரி இறைக்கிறது, அதற்குக் கடிவாளம் போடு என்கிறார்கள். பிட்ஸ்பர்க்கைப் பற்றி யாரும் அவ்வளவு கோபப்படுவதில்லை. எனக்கு வருத்தமே அங்கேதான். மூன்று வழிகள் பேச்சில் இருக்கின்றன. ரசிகனாக ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் சம்பள உச்சவரம்பு. எந்த அணியும் வீரர்களுக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஒரு கோடு. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி மூன்றிலும் ஏதாவது ஒரு வடிவில் இது உண்டு. பேஸ்பாலில் மட்டும் இல்லை. 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடரை டாட்ஜர்ஸே வென்ற பிறகு, கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. 2025-ல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் 97 ஆட்டங்களில் ஜெயித்து மொத்த லீகிலும் முதலிடத்தில் முடித்தது. லீகிலேயே மிகச் சிறிய சந்தைகளில் ஒன்று அந்த ஊர். வழக்கமான சீசன் ஆட்டங்களில் டாட்ஜர்ஸை ஆறுக்கு ஆறு அடித்த அணி அது. அக்டோபர் பிளேஆஃபில் அதே டாட்ஜர்ஸிடம் நாலுக்கு நாலும் தோற்றது. அந்த ஊர் ரசிகர் உச்சவரம்பு கேட்டால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஆனால் கணக்கைத் திறந்து பாருங்கள். உச்சவரம்பு இல்லாத பேஸ்பாலில் 2000-க்குப் பிறகு, 2025-ல் டாட்ஜர்ஸ் செய்யும்வரை, எந்த அணியும் கோப்பையைத் தக்கவைத்ததில்லை. கறாரான உச்சவரம்பு உள்ள ஐஸ் ஹாக்கியில் 2016 முதல் 2025 வரையிலான பத்தாண்டில் மட்டும் பிட்ஸ்பர்க், டாம்பா, ஃபுளோரிடா என்று மூன்று அணிகள் அடுத்தடுத்த வருடங்களில் கோப்பை வாங்கின. கால்பந்தில் நியூ இங்கிலாந்தும் கன்சாஸ் சிட்டியும் அடித்த ராஜ்ஜியம் எல்லோருக்கும் தெரியும். சிறிய ஊரான க்ரீன் பே கால்பந்தில் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் உச்சவரம்பு மட்டும் இல்லை. தேசிய டிவி பணம் எல்லா அணிக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது, அதுதான் அடித்தளம்.

அப்புறம் இதற்குக் கொடுக்க வேண்டிய விலை. 1994-ல் உரிமையாளர்கள் உச்சவரம்பு கேட்டார்கள், ஆகஸ்ட் 12-ல் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது, அந்த வருடம் உலகத் தொடரே நடக்கவில்லை. அப்போது 74 வெற்றி, 40 தோல்வியுடன் லீகிலேயே முதலிடத்தில் இருந்தது மான்ட்ரியல் எக்ஸ்போஸ். அப்படி ஒரு வாய்ப்பு அந்த ஊருக்குத் திரும்ப வரவில்லை. 2005-ல் அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது. ஐஸ் ஹாக்கி தன் உச்சவரம்பை வாங்க 2004-05 சீசன் முழுவதையும் பலி கொடுத்தது. சம்பளம் குறைந்தால் டிக்கெட் விலை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் எவ்வளவு கொடுக்கத் தயாரோ அதுதான் டிக்கெட் விலை. மிச்சமாகும் பணம் உரிமையாளர் கைக்குப் போகும்.

இரண்டாவது, இப்போது இருக்கிற சொகுசு வரி. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 2025-ல் கோடு 24.1 கோடி டாலர். அதைத் தாண்டினால் மிகுதிக்கு வரி. முதல் வருடம் 20 சதவீதம், தொடர்ந்து மூன்றாவது வருடமும் தாண்டினால் 50. ரொம்ப மேலே போனால் கூடுதல் வரியும் சேர்ந்து, உச்சத்தில் ஒரு டாலர் செலவுக்கு ஒரு டாலர் பத்து சென்ட் வரி கட்ட வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் 25 வருடத்துக்குச் சுமார் 835 கோடி டாலர் உள்ளூர் டிவி ஒப்பந்தம் வைத்திருக்கிற, 2025-ல் மட்டும் 40 லட்சம் பேரை மைதானத்துக்கு இழுத்த டாட்ஜர்ஸுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2024-ல் 10 கோடி டாலருக்கு மேல் வரி கட்டிவிட்டு அடுத்த வருடமும் ஆள் எடுத்தார்கள்.

ஷோஹெய் ஒஹ்தானி ஒப்பந்தத்தையும் இங்கேதான் சொல்ல வேண்டும். பத்து வருடம், 70 கோடி டாலர். ஆடுகிற வருடங்களில் அவர் வாங்குவது வருடத்துக்கு 20 லட்சம்தான். மீதி 68 கோடி, 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் வருடத்துக்கு 6.8 கோடியாக வரும். வட்டியில்லாமல் தள்ளிக் கொடுக்கும் பணம் என்பதால் சொகுசு வரிக் கணக்கில் ஏறுவது வருடத்துக்குச் சுமார் 4.6 கோடிதான். இதைத் திருட்டு என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். விதி அனுமதிக்கிறது, முப்பது அணிகளுக்கும் அதே விதிதான். நியூயார்க் மெட்ஸ் இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலை 1-லும், எப்போதோ ஓய்வு பெற்ற பாபி போனியாவுக்குச் சுமார் 11.9 லட்சம் டாலர் கொடுக்கிறது, 2035 வரை கொடுக்கும். ரசிகன் கொடுத்த பணம் ஒஹ்தானியாகத் திரும்பி வருகிறது என்றால் அந்த ஊர்க்காரனுக்கு அதில் என்ன குறை?

மேலே செலவு செய்கிறவனைப் பிடிக்கிற இந்த வரி, கீழே செலவே செய்யாதவனைத் தொடுவதில்லை. அதனால்தான் மூன்றாவது வழியை, அடிவரம்பை, நான் முதலில் வைக்கிறேன்: இவ்வளவுக்குக் குறையாமல் ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவழித்தே ஆக வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2021-ல் உரிமையாளர்களே 10 கோடி டாலர் அடிவரம்பு தருகிறோம் என்றார்கள். கூடவே வரிக் கோட்டை 18 கோடிக்கு இறக்கச் சொன்னார்கள். சங்கம் மறுத்தது, மறுத்ததும் சரிதான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்வது அது. எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்குப் போடலாம் என்றால், கணக்குப் புத்தகம் வெளியே வருவதே இல்லை. தன் வரவு செலவைத் தனியாகப் பொதுவில் வைக்கும் அணி அட்லாண்டா பிரேவ்ஸ் ஒன்றுதான், அதுவும் பங்குச் சந்தையில் இருப்பதால்.

ஆனாலும் கட்டாயம் இருந்தால் பணம் வெளியே வரும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அணிகள் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. போட்டதைவிடக் கூடுதலாக உதவி வாங்குகிற அணி, வாங்கியதைப் போல ஒன்றரை மடங்காவது சம்பளப் பட்டியலில் காட்டாவிட்டால் சங்கம் புகார் செய்யலாம். 2024 டிசம்பரில் அத்லெட்டிக்ஸ் அணி லூயிஸ் செவரினோவை மூன்று வருடத்துக்கு 6.7 கோடிக்கு எடுத்தது. அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். இந்தப் புகார் பயம்தான் காரணம் என்று அப்போதே எழுதினார்கள். அதற்கு முந்தைய சாதனை எரிக் சாவேஸின் 6.6 கோடி, அது 2004-ல். இருபது வருடம்!

அந்த இருபது வருடத்தின் கடைசிப் பகுதி கொடுமையானது. மாட் ஓல்சன், மாட் சாப்மன், ஷான் மர்ஃபி என்று நல்ல வீரர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார்கள். கூட்டம் குறைந்தது. கூட்டம் இல்லை என்பதையே சொல்லி லாஸ் வேகாஸுக்குக் கிளம்பினார்கள். அந்த ஊர் இருக்கிற நெவாடா மாநில அரசு 38 கோடி டாலர் பொதுப் பணம் ஒதுக்கியது. 2023 ஜூன் 13 அன்று, அணி அப்போது இருந்த ஓக்லாந்தின் ரசிகர்கள் வராமல் இருப்பதற்குப் பதில் வந்து காட்டினார்கள். 27,759 பேர். பச்சை டி-ஷர்ட், நெஞ்சில் 'விற்றுவிடு' என்ற ஒரே சொல். ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பேட்டர் ஆடிய நேரம் முழுக்க மைதானம் மொத்தமும் வாய் திறக்கவில்லை. அப்புறம் எழுந்தது 'அணியை விற்றுவிடு' என்ற குரல். அன்றைக்கு லீகிலேயே முதலிடத்தில் இருந்த டாம்பா பே ரேஸை, கடைசி இடத்தில் கிடந்த அத்லெட்டிக்ஸ் 2-1 என்று ஜெயித்தது. ஆள் இல்லாத ஊர் என்று இனி யார் சொல்ல முடியும்?

ஐந்து மாதம் கழித்து முப்பது உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு வாக்களித்தார்கள். 2024 செப்டம்பர் 26-ல் ஓக்லாந்தின் கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். மைதானத்து மண்ணை அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு. இப்போது அந்த அணி சாக்ரமென்டோவில், சுமார் 14,000 பேர் உட்காரும், கீழ்நிலை அணிகளுக்கான மைனர் லீக் மைதானத்தில் ஆடுகிறது. பெயருக்கு முன்னால் எந்த ஊரும் கிடையாது, வெறும் அத்லெட்டிக்ஸ்.