டயாப்டர் ஐரிஸுக்கு 14 ஆயிரம் ரூபாய்: மூன்று வருடம் சுட்ட பிறகு

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்காகச் சுடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். டயாப்டர் என்பது கண்ணுக்கு அருகில் இருக்கும் ரியர் சைட், அதில் நாம் பார்க்கும் துளையைத் திருகிச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் உதவுவதுதான் ஐரிஸ். ஸ்கோப் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இதில் பயன் எதுவும் இருக்காது.

நானும் என் மகளும் கோவையில் ஒரே கிளப்பில் சுடுகிறோம். 2019-ல் இளவேனில் வாலறிவன் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார் இல்லையா, கடலூரில் பிறந்த பெண் என்று செய்தியில் கேட்டதிலிருந்துதான் அவளுக்கு இந்த ஆசை. அவளைச் சேர்த்துவிடப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, ஆறு மாதத்தில் நானும் ஒரு பழைய மேட்ச் ரைஃபிள் வாங்கிவிட்டேன். அப்போது எனக்கு வயது 43. இந்த வயதை மறந்துவிடாதீர்கள், நான் சொல்லப்போகும் விஷயத்தில் பாதி அதில்தான் இருக்கிறது.

ரைஃபிளோடு வந்த டயாப்டரில் 1.1 மில்லிமீட்டர் துளை போட்ட சாதாரண டிஸ்க் இருந்தது. முதல் வருடம் அது போதுமானதாகவே இருந்தது. அப்புறம்தான் சிக்கல். 60 ஷாட்டில் முதல் 30 நன்றாகப் போகும், 40-ஐத் தாண்டும்போது இலக்கின் கறுப்பு வட்டத்தின் ஓரம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும், ரைஃபிள் முனையில் இருக்கும் முன் வளையத்துக்கும் அந்த வட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளி எவ்வளவு என்றே கண்ணுக்குப் பிடிபடாது. ஐரிஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று லேனில் இருந்த நண்பர்கள் சொன்னார்கள். கோச் மட்டும், "சார், முதல்ல கண்ணை செக் பண்ணிட்டு வாங்க, அப்புறம் செலவு பண்ணலாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பரிசோதனை செய்து, ஷூட்டிங் கண்ணாடியில் தூரப் பார்வைக்கான பவரோடு +0.5 சேர்த்துப் போட்டதும் முன் வளையம் பளிச்சென்று வந்துவிட்டது. (லென்ஸை நாம் போடும் கண்ணாடியில்தான் வைக்க வேண்டும், ரைஃபிளில் பொருத்த விதியில் இடமில்லை. கலர் ஃபில்டரை மட்டும் சைட்டில் மாட்டலாம்.) 40 வயதைத் தாண்டியவர்கள் ஐரிஸ் விலையை விசாரிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஆனாலும் ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. எங்கள் கிளப்பில் எடுக்கும் ஸ்கோர் வெளியூர்ப் போட்டிகளில் வரவில்லை, ஆறேழு புள்ளி குறைந்தது. போட்டிப் பதற்றம்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இலக்கின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது விதி, ஆனால் ஹாலுக்கு ஹால் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஓர் இடத்தில் இலக்கு பளீரென்று கண்ணைக் கூசும், இன்னோர் இடத்தில் சாயங்கால வெளிச்சம் மாதிரி மங்கிக் கிடக்கும். 1.1 துளை எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. துளை சிறியதாக இருந்தால் முன் வளையமும் இலக்கும் ஒரே நேரத்தில் ஓரளவு கூர்மையாகத் தெரியும். ரொம்பச் சிறியதாகப் போனால் வெளிச்சம் போதாது, அதோடு துளையின் ஓரத்தில் ஒளி சிதறி எல்லாமே கரைந்த மாதிரி ஆகிவிடும். பெரியதாக இருந்தால் வெளிச்சம் தாராளமாக வரும், ஆனால் இலக்கின் ஓரம் கலங்கும், தலை கொஞ்சம் விலகினாலும் விலகியதே நமக்குத் தெரியாமல் போய்விடும். அந்த ஹாலில் அன்றைக்கு இருக்கும் வெளிச்சத்துக்கு எந்த அளவு பொருந்துகிறதோ அதைத் திருகி வைத்துக்கொள்ளத்தான் ஐரிஸ்.

முதலில் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு மலிவு ஐரிஸ் வாங்கினேன். பார்க்க அச்சு அசல் விலை உயர்ந்தது மாதிரியே இருக்கும், மரையும் அதே 9.5 மில்லிமீட்டர்தான். இரண்டு மாதம் என் குரூப் (ஷாட்கள் கூட்டமாக விழும் இடம்) காரணமே இல்லாமல் இடம் மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் ரைஃபிளை மணல் பையின் மேல் வைத்து, 1.0-வில் பத்து, 1.4-ல் பத்து என்று சுட்டுப் பார்த்தேன். குரூப்பின் நடு ஒன்றரை மில்லிமீட்டர் வலது மேலே போயிருந்தது. உள்ளே இருக்கும் தகடுகள் விரியும்போது துளையின் மையமும் கூடவே நகர்கிறது, அதுதான் காரணம். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம், நம் விளையாட்டில் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 போகிறது, 10.9-ல் விழ வேண்டியது 10.3 ஆகிவிடும்.

பிறகுதான் 14 ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து நல்லதை வாங்கினேன், ஐந்து கலர் ஃபில்டர் வைத்த மாடல். கெமான், சென்ட்ரா, எம்இசி என்று ரேஞ்சில் அடிபடும் பெயர்கள் உங்களுக்கே தெரியும், எது என்பது முக்கியமில்லை. வந்த அன்றே அதே மணல் பை சோதனை. 0.9-லிருந்து 1.6 வரை திருகியும் குரூப் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கூடுதல் 11 ஆயிரமும் எனக்கு இதற்காகத்தான். எந்த ஐரிஸ் வாங்கினாலும் முதல் நாளே இப்படிச் சோதித்துவிடுங்கள், நகர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கோர் ஏறியதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கிளப்பில் ஒரு நாள் பழைய டிஸ்க், ஒரு நாள் ஐரிஸ் என்று மாற்றி மாற்றிப் பத்துப் பத்து முழு மேட்ச் சுட்டுக் குறித்து வைத்தேன். சராசரியில் வித்தியாசம் 0.7. என் ஸ்கோர் ஒரு நாளைக்கும் இன்னொரு நாளைக்கும் ஐந்து புள்ளி ஏறி இறங்கும், அதில் 0.7 ஒரு கணக்கே இல்லை. ஆனால் வெளியூர் ஹால்களில் ஆறேழு குறைந்துகொண்டிருந்தது இப்போது இரண்டு மூன்றோடு நின்றுவிடுகிறது, மூன்று வருடமாக அப்படித்தான். மங்கலான ஹாலில் 1.3, வெளிச்சமான இடத்தில் 1.0, எங்கள் கிளப்பில் அதே 1.1. மேட்ச்சுக்கு முன்னால் கிடைக்கும் 15 நிமிடத்தில் முதலில் நன்றாகத் திறந்துவிட்டு, கறுப்பின் ஓரம் கூர்மையாகும் வரை மூடிக்கொண்டே வருவேன், சாம்பலாகத் தொடங்குவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் மேட்ச் நடக்கும் 75 நிமிடமும் அதைத் தொடுவதில்லை.

ஃபில்டர் எனக்குப் பயன்படவில்லை, அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்திருக்க வேண்டாம் என்றே சொல்வேன். வெளிர் மஞ்சளை மட்டும் ஒரே ஒரு மங்கலான ஹாலில் போட்டேன், மற்ற நான்கும் திருகப்படாமலே கிடக்கின்றன. இன்னொன்று, ஃபில்டர் மாடல் நீளம். அதை மாட்டியதும் ரியர் சைட் கண்ணுக்கு அருகில் வந்துவிட்டது, நான் சைட்டை ரெயிலில் முன்னால் தள்ளாமல் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு இரண்டு வாரம் சுட்டேன். கழுத்து வலி வந்த பிறகுதான் புரிந்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஐரிஸைத் திருகும் வளையம் தானாகத் திரும்பிவிடுவதும் உண்டு, அதனால் வெள்ளை பெயின்ட்டில் 1.1-க்கு நேராகச் சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மற்றபடி மூன்று வருடத்தில் ஒரு பழுதும் இல்லை. எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும்.

என் மகளுக்கும் மாட்டிக் கொடுத்துப் பார்த்தேன், ஒரு மாதம் முழுக்க. "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான்பா தெரியுது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். 15 வயதுக் கண், வெளிச்சம் எப்படி இருந்தாலும் சமாளித்துவிடுகிறது. மங்கலான ஹாலிலும் அவள் ஸ்கோர் பெரிதாக இறங்கியதில்லை. 14 ஆயிரத்துக்கு ஏழெட்டு டப்பா நல்ல பெல்லட் வரும், டப்பாவுக்கு 500 பெல்லட் என்றால் கிட்டத்தட்ட 4000 ஷாட், ஒரு நாளைக்கு 80 என்று வைத்தாலும் ஐம்பது நாள் பயிற்சி. அவள் வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்டால் பெல்லட் வாங்கிக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கடன் வாங்கி ஐரிஸ் மாட்டிவிட்டு, பெல்லட்டைச் சிக்கனம் பண்ணி வாரத்துக்கு இரண்டு நாள் சுடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நாற்பதைத் தாண்டியவர், கண்ணைச் சரிபார்த்தாகிவிட்டது, வருடத்துக்கு நான்கைந்து வெளியூர்ப் போட்டிக்குப் போகிறவர் என்றால் தயங்காமல் வாங்கலாம், ஃபில்டர் இல்லாத மாடலாகப் பார்த்து. ஒரே கிளப்பில் மட்டும் சுடுகிறவருக்கு அந்த வெளிச்சத்துக்குப் பொருந்தும் டிஸ்க் ஒன்று போதும். என் மகள் இந்த வருடம் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டாள், ரைஃபிளின் பின்முனையில் தோளில் பதியும் பட் பிளேட் சரியாக உட்காரவில்லை. அடுத்த செலவு அதற்குத்தான், இப்போதைக்கு நானும் கோச்சும் அளவெடுத்துக்கொண்டிருக்கிறோம்.